பத்மினிக்குக் காய்ச்சல்: சேலத்திலிருந்து பெங்களூருக்கு ஐந்து நாள்

ஏப்ரல் 8, செவ்வாய். தொப்பூர், சூளகிரி, அல்சூர்

விடிகாலை ஐந்துக்கே கிளம்பியிருக்க வேண்டும். பழைய வண்டியை வெயிலுக்கு முன்னால் ஓட்டிவிட வேண்டும் என்பது எனக்கும் தெரியும். ஆனால் இரவு டயருக்குக் காற்றுப் பிடிக்க மறந்ததில் நேரம் போய், எட்டே முக்காலுக்கு வாசலுக்கு வந்தால் அம்மா குறுக்கே நின்றார். செவ்வாய்க்கிழமை ஒன்பதிலிருந்து பத்தரை வரை எமகண்டம். பத்தே முக்காலுக்குத்தான் சாவியைத் திருப்பினேன். ஏப்ரல் மாதத்துச் சேலத்தில் பத்தே முக்கால் என்றால் என்ன என்று சேலத்துக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

வண்டி 1983-ஆம் வருடத்துப் பிரீமியர் பத்மினி கார். 1089 சிசி, ஸ்டீயரிங் பக்கத்தில் கை கியர். மும்பை குர்லா தொழிற்சாலையில் செய்த வண்டி என்றாலும் எங்கள் வீட்டில் யாரும் அதைப் பத்மினி என்று சொன்னதில்லை, ஃபியட்தான். முதலில் வாங்கியவர் பெங்களூரு அல்சூரில் இருக்கும் என் மாமா. புக்கிங் போட்டு வருடக்கணக்கில் காத்திருந்து வாங்கினார். பிறகு அப்பாவுக்குக் கொடுத்தார், அப்பாவுக்குப் பிறகு எனக்கு வந்தது. மாமாவுக்கு இப்போது 78. "ஒரு தடவை அதுல நந்தி மலைக்குப் போகணும் மாப்ள" என்று போன தீபாவளியிலிருந்து போனில் சொல்லிக்கொண்டே இருந்தார். அதற்காகத்தான் இந்தப் பயணம்.

ஓமலூர் வரை ராஜ நடை. தொப்பூர் ஏற்றத்தில் பாதி தாண்டியதும், டேஷ்போர்டுக்குக் கீழே நான் தனியாகப் பொருத்தியிருந்த வெப்ப மீட்டரின் ஊசி எண்பத்தைந்திலிருந்து நகர ஆரம்பித்தது. தொண்ணூறு. தொண்ணூற்றைந்து. முன்னால் ஒரு சிமெண்ட் லாரி, அதற்கு முன்னால் இன்னொன்று. நூற்றைந்தைத் தொட்டபோது ஓரம் கட்டினேன். பானெட்டுக்கு அடியில் சோறு பொங்குகிற சத்தம்.

இறங்கி, துண்டைக் கையில் சுற்றிக்கொண்டு ரேடியேட்டர் மூடியைத் திருகப் போனேன். பின்னால் நிறுத்தியிருந்த நாமக்கல் லாரியிலிருந்து ஒரு சத்தம்: "அண்ணா! கைய எடுங்க!" டிரைவர் ஓடி வந்து என் கையைப் பிடித்தே விட்டார். முப்பது வயதுகூட இருக்காது. அவருடைய முன்கையில் மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை பழைய வெந்த தழும்பு இருந்தது. அதைக் காட்டினார். வேறு விளக்கம் சொல்லவில்லை.

ரேடியேட்டர் குக்கர் மாதிரி. மூடியின் ஸ்பிரிங் உள்ளே அழுத்தத்தைப் பிடித்து வைத்திருப்பதால்தான் தண்ணீர் நூறைத் தாண்டியும் கொதிக்காமல் இருக்கிறது. ஒரு பவுண்டு அழுத்தத்துக்குக் கொதிநிலை சுமார் ஒன்றரை டிகிரி கூடும். மூடியைத் திறந்த நொடியில் அழுத்தம் போய், மொத்தத் தண்ணீரும் ஒரேயடியாகக் கொதித்து முகத்துக்கு வரும். இதையெல்லாம் படித்திருக்கிறேன். படித்தவன்தான் துண்டைச் சுற்றிக்கொண்டு போனேன்.

முக்கால் மணி நேரம் புளிய மரத்தடியில் உட்கார்ந்தோம். அவர் டப்பாவிலிருந்து எலுமிச்சை சாதம், நான் அம்மா கட்டிய இட்லி. பிறகு அவரே மூடியை முதல் நிறுத்தம் வரை திருப்பி, காற்றை விட்டு, அப்புறம் முழுதாகத் திறந்தார். "எஞ்சின ஓட விட்டு, கொஞ்சங் கொஞ்சமா ஊத்தணுங்ணா. சூட்டு மேல பச்சத் தண்ணிய மடமடன்னு ஊத்துனா ஹெட்டு விரிசல் விட்டுரும்." லாரியிலிருந்த பத்து லிட்டர் கேனில் முக்கால்வாசி காலி. பணம் கொடுத்தேன், வாங்கவில்லை. மீதித் தண்ணீரோடு கேனையும் என் டிக்கியில் வைத்துவிட்டு, "சூளகிரி ஏத்தத்துல தேவப்படும்" என்று சொல்லிப் போனார்.

தேவைப்பட்டது. கிருஷ்ணகிரியில் சாலையோரம் செந்தூரா மாம்பழம் கிலோ 120 என்று வாங்கிக்கொண்டு (புளிப்பு, இன்னும் பதினைந்து நாள் போக வேண்டும்) சூளகிரி தாண்டும்போது மறுபடி ஊசி நூறு. சேலம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 280 மீட்டர், பெங்களூரு 920. இந்தச் சாலை முழுக்கவே ஏற்றம் என்பது பஸ்ஸில் தூங்கிக்கொண்டு போகிறவர்களுக்குத் தெரியாது.

ஆனால் ஆச்சரியம் அதற்குப் பிறகுதான். பெங்களூரு சில்க் போர்டு சந்திப்பு நெரிசலில் ஐந்தரை மணிக்கு மாட்டினேன். இங்கே கண்டிப்பாகப் பொங்கும் என்று முடிவு செய்து கேனை முன் சீட்டுக்கு மாற்றியிருந்தேன். ஆமை வேகத்தில் நாற்பது நிமிடம். ஊசி இறங்கியது! எண்பத்தைந்தில் சாதுவாக நின்றது. திறந்த சாலையில் காற்று அடிக்க அடிக்கக் கொதித்த வண்டி, புகையும் நெரிசலுமான இடத்தில் அமைதியாக இருக்கிறது.

அந்த நிம்மதியில் இருக்கும்போதே வண்டி இருமி, குலுங்கி, நின்றுபோனது. ஸ்டார்ட்டர் சுற்றுகிறது, பிடிக்கவில்லை. பின்னால் ஹாரன் கச்சேரி. போக்குவரத்துக் காவலர் "சைடுக் ஹாக்கி சார், சைடு!" என்று கத்திக்கொண்டே வந்தவர், வண்டியைப் பார்த்ததும் குரலை இறக்கி, "ஃபியட்டா? நம் தந்தே ஹத்ரா இத்து" என்றார். அவருடைய அப்பாவிடமும் இருந்ததாம். அவரும் சாப்பாடு டெலிவரி செய்யும் இரண்டு பையன்களுமாகத் தள்ளி ஓரத்தில் விட்டார்கள். ஒரு பையன் தர்மபுரிக்காரன். "அண்ணா, எங்க தாத்தா பம்பு மேல ஈரத் துணி போடுவாரு" என்றான். பெட்ரோல் பம்ப் எஞ்சினோடு ஒட்டி இருக்கிறது. அந்தச் சூட்டில் குழாய்க்குள்ளேயே பெட்ரோல் ஆவியாகிவிட்டால் பம்ப் வெறும் காற்றைத்தான் இழுக்கும். துண்டை நனைத்துச் சுற்றினேன். பத்து நிமிடத்தில் கிளம்பியது. பையனுக்குக் கொடுக்க வேண்டிய ஆர்டர் ஆறியிருக்கும், பாவம்.

அல்சூர் வீட்டுக்கு வந்தபோது மணி எட்டு. மாமா வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். என்னை விசாரிக்கவில்லை. நேராகப் போய் பானெட்டில் கை வைத்துப் பார்த்தார். காய்ச்சல் பார்க்கிற மாதிரி.

ஏப்ரல் 9, புதன். அல்சூர்

காலையில் அத்தையின் ராகி தோசை. அப்புறம் பக்கத்துத் தெரு மெக்கானிக்.

அவர் மூடியைத் திறக்கவில்லை, எஞ்சினை ஓட்டிப் பார்க்கவில்லை. "தெர்மோஸ்டாட்டைக் கழட்டிப் போட்டுடலாம், ரேடியேட்டருக்கு முன்னாடி எலக்ட்ரிக் ஃபேன் ஒண்ணு மாட்டிடலாம், ஏழாயிரத்து ஐந்நூறு" என்றார். தெர்மோஸ்டாட்டைக் கழற்றுவது நம் ஊரில் வழிவழியாக வரும் வைத்தியம். எஞ்சின் சூடாகும் வரை தண்ணீரை ரேடியேட்டருக்கு விடாமல் பிடித்து வைக்கும் சின்ன வால்வு அது. மூடியபடி சிக்கிக்கொண்டால் வண்டி கொதிக்கும், உண்மைதான். அதற்குப் புதிதாக ஒன்று மாற்ற வேண்டும். அதற்குள் கழற்றி எறிந்தால் எஞ்சின் சமநிலத்தில் தேவையான சூட்டுக்கே வராமல் பெட்ரோலைக் குடிக்கும். தவிர, தெர்மோஸ்டாட் சிக்கிய வண்டி சில்க் போர்டிலும் கொதித்திருக்க வேண்டுமே. இதைக் கேட்டேன். "சார், இது பழைய வண்டி" என்றார். அந்தப் பதிலுக்கு மேல் என்ன பேசுவது?

மாமா அதுவரை வாய் திறக்கவில்லை. வீட்டுக்கு வரும் வழியில், "நாளைக்கு ஜே.சி. ரோடு போலாம். எனக்குத் தெரிஞ்ச பாய் ஒருத்தர் இருக்கார். இருந்தா" என்றார். அந்தக் கடைசிச் சொல்லை அவர் சாதாரணமாகத்தான் சொன்னார்.

சாயந்திரம் ஏரிப் பக்கம் நடந்தோம். 2009-இல் திறந்த திருவள்ளுவர் சிலை, தமிழ்ச் சங்கத்து வாசல், ஒரு பை டூ காபி (ஒன்றை இரண்டாகப் பிரித்தது) 30 ரூபாய். ஆறரைக்கு இடி இடித்து மாம்பழ மழை கொட்டியது. பெங்களூரில் இப்போதெல்லாம் பகலில் விசிறி இல்லாமல் இருக்க முடியவில்லை என்று அத்தை புலம்பினாலும், இந்த மழைக்குப் பிறகு ஜன்னலைத் திறந்தால் வருகிற காற்று சேலத்தில் எந்தக் கடையிலும் கிடைக்காது.

ஏப்ரல் 10, வியாழன். ஜே.சி. ரோடு

பாய் இருந்தார்.

ஜே.சி. ரோட்டில் வண்டிச் சாமான் கடைகளுக்கு நடுவே, ஒரு ஆட்டோ மட்டுமே நுழையக்கூடிய சந்தில் பட்டறை. எழுபது வயதிருக்கும். தமிழும் உருதுவும் கலந்த பேச்சு. மாமாவைப் பார்த்ததும் "சாப், இன்னும் இருக்கீங்களா!" என்று கட்டிக்கொண்டார். மாமாவும் அதையேதான் கேட்க நினைத்திருப்பார்.

நான் ஆரம்பத்திலிருந்து கதை சொல்ல வாயெடுத்தேன். அவர் ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"நிக்கும்போது சூடாகுதா, ஓடும்போது சூடாகுதா?"

"ஓடும்போது பாய். அதுவும் ஏத்தத்துல."

"அப்ப காத்துல கோளாறு இல்ல. தண்ணி ஓட்டத்துல கோளாறு."

மெதுவாக ஊர்கிற வண்டிக்கு ரேடியேட்டர் வழியாகக் காற்றை இழுத்துத் தருவது விசிறி மட்டும்தான். பெல்ட் தளர்ந்தாலோ விசிறி இதழ் உடைந்தாலோ நெரிசலில் கொதிக்கும், நெடுஞ்சாலையில் எதிர்க்காற்று பட்டு ஆறிவிடும். என் வண்டி தலைகீழ். எஞ்சின் வேகமாகச் சுற்றி அதிகச் சூட்டைக் கக்கும்போது, அதை எடுத்துப்போகிற அளவுக்குத் தண்ணீர் ஓடவில்லை. இந்த ஒரு கேள்வி எனக்குத் தெரிந்திருந்தால் நேற்று ஏழாயிரத்து ஐந்நூறு என்று கேட்டவரிடம் அரை மணி நேரம் நின்றிருக்க மாட்டேன்.

பாய் பெல்ட்டைக் கட்டை விரலால் அழுத்தினார், அரை அங்குலம் உள்ளே போனது. "சரியா இருக்கு." ஆறியிருந்த ரேடியேட்டரின் மூடியைத் திறந்து விரலை விட்டு எடுத்தார். விரல் நுனியில் செங்கல் நிறத்தில் சகதி. முகர்ந்து பார்த்தார். பிறகு கீழே குனிந்து, ரேடியேட்டரின் அடியிலிருந்து வாட்டர் பம்புக்குப் போகும் ரப்பர் ஹோஸைப் பிடித்து இரண்டு விரலால் நசுக்கினார். என்னையும் நசுக்கச் சொன்னார். நாள்பட்ட முருங்கைக்காய் மாதிரி தொளதொளவென்று இருந்தது.

"இப்ப வண்டிய ஸ்டார்ட் பண்ணுங்க. ரைஸ் பண்ணுங்க. சாப், நீங்க இங்க வந்து பாருங்க."

மாமா குனிந்து பார்த்தார். அரை நிமிடம் கழித்து, "மாப்ள, நீ வந்து பாரு, நான் மிதிக்கிறேன்" என்று இடம் மாறினார். எஞ்சின் மெதுவாக ஓடும்போது ஹோஸ் உருண்டையாக, ஒன்றும் தெரியாத பிள்ளை போல இருந்தது. மாமா ஆக்சிலரேட்டரை அழுத்த அழுத்த, அதன் நடுப்பகுதி மெல்ல உள்வாங்கியது. இளநீரின் கடைசிச் சொட்டை உறிஞ்சும்போது கன்னம் ஒட்டுமே, அப்படி. இன்னும் அழுத்தினார். இரண்டு பக்கமும் ஒட்டித் தட்டையாகிவிட்டது. காலை எடுத்ததும் 'பொக்'கென்று பழைய உருண்டை.

அந்த ஹோஸுக்குள் ஒரு கம்பிச் சுருள் இருக்க வேண்டுமாம். பம்ப் உறிஞ்சுகிற பக்கம் என்பதால் ஒட்டிக்கொள்ளாமல் தாங்குவதற்கு. கழற்றிக் கவிழ்த்தபோது அதன் மிச்சம் நாலைந்து துருப்பிடித்த துண்டுகளாகத் தரையில் விழுந்தது. ரேடியேட்டரும் அடைத்திருந்ததால் பம்ப் இன்னும் பலமாக உறிஞ்சியிருக்கிறது, ரப்பர் இன்னும் சீக்கிரம் ஒட்டியிருக்கிறது. சில்க் போர்டில் எஞ்சின் மெதுவாக ஓடியது, பம்பும் மெதுவாக உறிஞ்சியது, ஹோஸ் திறந்தே இருந்தது. அதுதான் அந்த அமைதி.

ரேடியேட்டரை அடுத்த சந்தில் இருந்த பட்டறைக்குத் தூக்கிப் போனோம். செம்பும் பித்தளையும். இப்போதைய வண்டிகளில் வருவது அலுமினியமும் பிளாஸ்டிக்கும், அடைத்தால் தூக்கிப் போட வேண்டியதுதான். இதைத் திறந்து மூட முடியும். நெருப்புக் குழலை வைத்து ஈயப் பற்றை உருக்கி, மேல் தொட்டியைத் தனியாக எடுத்தார்கள். உள்ளே எங்கள் வீட்டு வெந்நீர் அண்டாவின் அடியில் படிந்திருக்குமே, அதே வெள்ளைப் பாறை. குழாய்களில் பாதிக்கு மேல் வாயே தெரியவில்லை. மெல்லிய தகட்டுக் கம்பியை ஒவ்வொன்றிலும் விட்டுக் குத்தி எடுத்தான் ஒரு பையன். கொட்டியது கைப்பிடி அளவு சுண்ணாம்புத் தூள்.

"எந்தத் தண்ணி ஊத்துனீங்க?" என்றார் பாய்.

ஆறு வருடமாக ஒவ்வொரு ஞாயிறும் வண்டியைக் கழுவிவிட்டு, அதே குழாயிலிருந்து ஒரு சொம்பு பிடித்து ரேடியேட்டரை நிரப்பிவிட்டுத்தான் உள்ளே போவேன். எழுநூறு அடி போர்த் தண்ணீர். நான் பதில் சொல்வதற்குள் மாமா, "சேலத்து போர் தண்ணி பாய், சோப்புகூட நுரைக்காது" என்று போட்டுக்கொடுத்தார். பாய் என்னைத் திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.

மதியம் தொன்னை பிரியாணி, 140 ரூபாய். ஹோஸ் தேடி நான்கு கடை. மும்பையில் 2023 அக்டோபரோடு பத்மினி டாக்ஸிகள் நின்றுபோன பிறகு சாமான் வரத்தே குறைந்துவிட்டது என்று ஒரு கடைக்காரர் உச்சுக் கொட்டினார். கடைசியில் அதே வளைவுள்ள வேறு வண்டி ஹோஸ் ஒன்றை அளந்து வெட்டி, ஸ்பிரிங் செய்கிற கடையில் துருப்பிடிக்காத கம்பியில் சுருள் சுற்றி உள்ளே நுழைத்தோம். சுருளுக்கு வெறும் 120 ரூபாய்.

மூடியில் ரப்பர் வெடித்திருந்தது, மாற்றியாயிற்று. எஞ்சினுக்குப் பொறி விழவைக்கும் பாயின்டின் இடைவெளியைச் சரிசெய்து, இக்னிஷன் டைமிங் பின்தங்கியிருந்ததை முன்னால் தள்ளினார். பொறி தாமதமாக விழுந்தால் சூடு பிஸ்டனைத் தள்ளுவதற்குப் பதில் எக்ஸாஸ்ட் பக்கமும் தண்ணீரிலும்தான் போய் இறங்கும். தெர்மோஸ்டாட்டை வெந்நீர்ப் பாத்திரத்தில் போட்டுக் காட்டினார், சமர்த்தாகத் திறந்தது. பழையபடி மாட்டினோம். கூலன்ட் ஒரு பங்கு, டிஸ்டில்டு வாட்டர் இரண்டு பங்கு. பெட்ரோல் குழாயையும் பம்பிலிருந்து கொஞ்சம் விலக்கிக் கட்டிவிட்டு, "இப்ப வர்ற பெட்ரோல்ல எத்தனால் இருக்கு, பழைய ரப்பர் தாங்காது, வருஷா வருஷம் பாருங்க" என்றார்.

மொத்தம் 5,150. மாமா தானே கொடுப்பேன் என்று பிடிவாதம் பிடித்தார். பாய் இருவரிடமும் வாங்காமல் அரை மணி நேரம் டீயிலேயே ஓட்டிவிட்டு, கடைசியில் என்னிடம் ஐயாயிரம் வாங்கினார்.

ஏப்ரல் 11, வெள்ளி. நந்தி மலை

நாலரை மணிக்கு மாமா ஸ்வெட்டரோடு தயார். அத்தை பின் சீட்டில், கூடவே புளியோதரை, எலுமிச்சம்பழம் நான்கு. டயருக்குக் கீழே ஒன்று நசுங்கியது, மற்ற மூன்றும் வாந்திக்கு.

அடிவாரத்தில் மாமா சொன்ன ஒரு விஷயம் எனக்குப் புதுசு. ஏற்றத்தில் மூன்றாவது கியரில் திணறத் திணற இழுக்கக் கூடாது. இரண்டாவதுக்கு இறக்கினால் எஞ்சின் வேகமாகச் சுற்றும், பம்பும் விசிறியும் அதோடு சேர்ந்து சுற்றும், சூடு தங்காது. நானோ கியரை இறக்கினால் எஞ்சினுக்குக் கஷ்டம் என்று தொப்பூரில் மூன்றிலேயே மிதித்திருந்தேன். ஹோஸ் ஒரு பக்கம் என்றால், என் ஓட்டலும் சூட்டுக்குக் கைகொடுத்திருக்கிறது.

ஒவ்வொரு வளைவிலும் மூன்று பேரும் ஊசியைத்தான் பார்த்தோம். வெளியே மேகம் மரங்களுக்குள் நுழைந்து வெளியே வருவதை அத்தை மட்டும் அவ்வப்போது "ஐயோ பாருங்களேன்" என்றார். எண்பத்திரண்டு, எண்பத்தைந்து, கடைசி வளைவில் எண்பத்தெட்டு. மேலே 1478 மீட்டர். அங்கே திறந்த பாத்திரத்தில் தண்ணீர் சுமார் 95 டிகிரியிலேயே கொதித்துவிடும். மூடி மட்டும் இல்லையென்றால் நமக்கு எவ்வளவு குறுகலான இடம் என்று நினைத்துக்கொண்டேன்.

மேலே குளிர் காற்று, வேகவைத்த மக்காச்சோளம் 50 ரூபாய், குரங்குகள். மாமா நாலைந்து கல்லூரிப் பசங்களுக்கு வண்டியைக் காட்டிக் கை கியர் போடுவது எப்படி என்று வகுப்பு எடுத்தார். கதவைத் திறந்து வைத்துக்கொண்டு எடுத்ததுதான் தப்பு. ஒரு பெரிய குரங்கு உள்ளே புகுந்து, புளியோதரை டப்பாவை விட்டுவிட்டு, டிஸ்டில்டு வாட்டர் பாட்டிலைத் தூக்கிக்கொண்டு மரத்தில் ஏறியது. மூடியைக் கடித்துத் திறந்து ஒரு வாய் குடித்தது. முகத்தைச் சுளித்துக் கீழே வீசியது. அத்தைக்குச் சிரிப்பு அடங்க ரொம்ப நேரம் ஆனது.

இறங்கி வந்து அடிவாரத்துப் போக நந்தீஸ்வரர் கோயில் தூண்களுக்கு நடுவே புளியோதரை சாப்பிட்டோம். மாமா அதிகம் பேசவில்லை. திரும்பும்போது சமநிலமான ஒரு சாலையில் "கொஞ்சம் நிறுத்து" என்றார். இடம் மாறி, ஸ்டீயரிங்கில் உட்கார்ந்து, ஒரு கிலோமீட்டர் ஓட்டினார். கியர் ஒரு தடவைகூடக் கரகரக்கவில்லை.

ஏப்ரல் 12, சனி. சேலம்

இந்தத் தடவை எமகண்டம் எல்லாம் பார்க்காமல் ஐந்து மணிக்குக் கிளம்பினேன். சூளகிரிக்கு இந்தப் பக்கம் ஒரு கடையில் தட்டு இட்லியும் காபியும் 65. வழியில் வேறு எதுவும் நடக்கவில்லை. லாரிக்காரரின் கேனை டிஸ்டில்டு வாட்டர் நிரப்பி டிக்கியில் வைத்திருந்தேன், தொடவே இல்லை. தொப்பூர் புளிய மரத்தடியில் ஐந்து நிமிடம் நின்றேன். நாமக்கல் லாரிகள் நிறையப் போயின, அவருடையது எது என்று எப்படித் தெரியும்? பெயர்கூடக் கேட்டுக்கொள்ளவில்லை.

பத்து மணிக்கு வீடு. அம்மா வாசலில் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தவர், "வண்டிக்குத் தண்ணி புடிச்சு வைக்கட்டுமா?" என்று சொம்பை எடுத்தார். வேண்டாம் என்று நான் கத்திய கத்தலில் எதிர் வீட்டுக்காரர் எட்டிப் பார்த்தார்.

செருப்பைக் கழற்றுவதற்குள் மாமாவிடமிருந்து போன்.

"ஊசி எங்க நின்னுது?"

"எண்பத்தஞ்சு தாண்டல மாமா."

"தொப்பூர்ல?"

"எண்பது."

"அது எறக்கம்டா. அதக் கணக்குல சேக்காத. மத்தியான வெயில்ல ஏற்காட்டுக்கு ஏத்திட்டு எனக்குப் போன் பண்ணு."